மழலையர் ஆசிரியராக எந்த வாசல் யாருக்கு?

மூன்று வயதுக் குழந்தைகளோடு வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு கோர்ஸைத் தேடுகிறார்கள். பணம் கட்டிச் சான்றிதழும் வாங்கிய பிறகுதான் அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்த வகுப்பறையில் உட்காரப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகு படிப்புக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் இந்த வயதுக் குழந்தைகள் இருக்கும் இடங்கள் பலர் கையில் பிரிந்து கிடக்கின்றன. அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழ் வருகிறது. நர்சரி பள்ளியும் பிளே ஸ்கூலும் தனியாரிடம் இருக்கின்றன. கேந்திரிய வித்யாலயாவின் மழலையர் வகுப்பான பால்வாடிகா மத்திய அரசுடையது. ஓரிடத்துத் தகுதி இன்னோரிடத்தில் தானாகச் செல்லாது.

அங்கன்வாடி

1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வந்த மையங்கள் இவை. ஊரில் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. தனியாரைப் போல வருடா வருடம் ஆள் எடுப்பதில்லை, அறிவிப்பு வரும்போது தயாராக இருப்பவர்களுக்கே வாய்ப்பு.

2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பணியாளர், குறு அங்கன்வாடி பணியாளர், உதவியாளர் என 7,783 இடங்கள். பணியாளருக்குப் பிளஸ் டூ தேர்ச்சியும் 25 முதல் 35 வரை வயதும் கேட்டார்கள். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 வரை தளர்வு உண்டு. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, வயது 20 முதல் 40. முதல் 12 மாதங்களுக்குத் தொகுப்பூதியம்: பணியாளருக்கு 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. அதன்பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம்: பணியாளருக்கு 7,700–24,200, உதவியாளருக்கு 4,100–12,500. இந்தப் பணிகள் பெண்களுக்கு மட்டுமே. எழுத்துத் தேர்வு கிடையாது, நேர்காணல்தான்.

மதிப்பெண்ணைவிட முகவரியால் கைநழுவிப்போகும் வாய்ப்புகள் அதிகம். அதே கிராமத்தில் குடியிருப்பவருக்கு முன்னுரிமை. அதன்பிறகே அதே ஊராட்சியின் வேறு கிராமம், பக்கத்து ஊராட்சி என்று போவார்கள். திருமணமாகிப் புகுந்த வீட்டில் ஆறு வருடம் குடியிருந்தும், ரேஷன் அட்டையில் பெயர் இன்னும் அம்மா வீட்டிலேயே இருக்கும் பெண்கள் ஏராளம். ஆதாரில் ஓர் ஊர், வாக்காளர் அட்டையில் ஓர் ஊர் என்றிருந்தால் நேர்காணல் மேசையில் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் மூன்றையும் ஒரே முகவரிக்கு மாற்றிவிடுங்கள். ஆதரவற்ற விதவைச் சான்று கோட்டாட்சியர் வரை போய்த்தான் கைக்கு வரும். விண்ணப்பிக்கக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம், அதற்குள் அதை வாங்குவது கடினம். முன்கூட்டியே வாங்கி வையுங்கள். "இவ்வளவு கொடுத்தால் போஸ்டிங் வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வேலையையும் சரியாகத் தெரிந்துகொண்டு வாருங்கள். திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று மட்டுமே. எடை, உயரம் பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய்வருவது, தடுப்பூசி நாளில் கிராம சுகாதாரச் செவிலியரோடு நிற்பது, ஊட்டச்சத்தைக் கண்காணிக்கும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவது என்று மீதி வேலை விரிந்துகொண்டே போகும். பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இப்படிப்பட்ட அடிப்படைகள் நேர்காணலுக்கு உதவும், வேலையில் தினமும் தேவைப்படும்.

பத்தாவது முடித்து உதவியாளராகச் சேர்ந்தவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. மத்திய அரசின் 2022 வழிகாட்டுதல் பணியாளர் இடங்களில் பாதியை ஐந்தாண்டு அனுபவமுள்ள உதவியாளர்களைக் கொண்டும், மேற்பார்வையாளர் இடங்களில் பாதியை ஐந்தாண்டு அனுபவமுள்ள பணியாளர்களைக் கொண்டும் நிரப்பச் சொல்கிறது. அந்த ஐந்து ஆண்டுக்குள் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பிளஸ் டூ முடித்துவிடுங்கள். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அனுபவம் இருந்தும் படிப்பு இல்லாமல் பெயர் விடுபடுவது மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்த மையத்துக் குழந்தைகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

எந்தப் பட்டயம்?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரிக்கும் முன்பள்ளிக் கல்விப் பட்டயம் இரண்டு ஆண்டு. சேர்வதற்குப் பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். பால்வாடிகா ஒப்பந்த ஆசிரியருக்குக் கேந்திரிய வித்யாலயாக்கள் கேட்பது பிளஸ் டூவில் 50 சதவீதமும், குறைந்தது இரண்டாண்டு நர்சரி அல்லது முன்பள்ளி ஆசிரியர் பட்டயமும்தான். இல்லையேல் நர்சரிக்கான பி.எட். அந்த நேர்காணல்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். பக்கத்துப் பள்ளியின் இணையதளத்தை அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை பாருங்கள்.

இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலையர் பராமரிப்பு, கல்விக்கான ஒரு பட்டயம் உண்டு. பிளஸ் டூ போதும், ஓராண்டில் முடிக்கலாம், 32 கிரெடிட், செயல்திட்டமும் அதற்குள் வரும். குழந்தை வளர்ச்சி, ஊட்டச்சத்து இரண்டையும் வீட்டிலிருந்தபடி ஒழுங்காகப் படிக்க இது நல்ல வழி, தனியார் பள்ளிகளிலும் உதவும். ஆனால் "குறைந்தது இரண்டாண்டு" என்று கேட்கும் இடத்தில் இது போதாது. பணம் கட்டும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மாதம், ஆறு மாதம் என்று நடக்கும் நர்சரி டீச்சர் டிரெயினிங் மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எல்லாம் மோசமல்ல. சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சான்றிதழை யார் வழங்குகிறார்கள்? உண்மையான வகுப்பறையில் எத்தனை நாள் நிற்க வைப்பீர்கள்? போன வருடம் முடித்தவர்களில் இருவரோடு பேச முடியுமா? இரண்டாம் கேள்விக்கு முப்பது நாளுக்குக் குறைவாகப் பதில் வந்தால் அங்கே நீங்கள் சார்ட் ஒட்டத்தான் கற்றுக்கொள்வீர்கள். "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற பலகையை நம்பாமல், ஆசிரியர் கல்விக் குழுமத்தின் தென் மண்டலப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கல்லூரி வழியாக வர விரும்பினால் மனையியலில் மனித மேம்பாட்டுத் துறை இருக்கிறது. கோவை அவினாசிலிங்கம் இதற்குப் பெயர்பெற்ற இடம். பட்டப்படிப்பின் ஆழம் பின்னால் பாடத்திட்டம் எழுதவும் பயிற்சி கொடுக்கவும் போகிறவர்களுக்குக் கைகொடுக்கும்.

மாண்டிசோரி

குழந்தை உபகரணங்களைத் தானே கையாண்டு கற்கும் இந்த முறைக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. இதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து இந்தியாவின் முதல் பயிற்சியை நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணி செய்தார். சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் பட்டயம் தரும் மையம் இன்றும் சென்னையில் இருக்கிறது.

நல்ல மாண்டிசோரிப் பயிற்சி உடம்பையும் வருத்தும். ஒவ்வொரு உபகரணத்தையும் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது என்று படியாக எழுதி, படம் வரைந்து, ஆல்பம் தயாரிக்க வேண்டும். அன்றாட வாழ்க்கைப் பயிற்சி, புலன்கள், மொழி, கணிதம் என்று நான்கு ஆல்பம். பல மணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் குழந்தைகளைக் கவனிக்க வேண்டும், கடைசியில் வாய்மொழித் தேர்வும் உண்டு. இவை எதுவும் இல்லாமல் இணையத்தில் நாலு வாரத்தில் முடிகிற "மாண்டிசோரி" கோர்ஸ் வேறொன்று. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். எனவே பெயரைப் பார்க்காமல் கவனிப்பு நேரம் எவ்வளவு, ஆல்பம் உண்டா என்று கேளுங்கள். கட்டணம் அதிகம். கட்டுவதற்கு முன் ஒரு மாண்டிசோரிப் பள்ளியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள்

தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்து டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் பலர் இடையில் எல்.கே.ஜி. வகுப்புக்கு வருகிறார்கள். 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது முதலில் பணியமர்த்தப்பட்டவர்களும் தொடக்க வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர்களே. பின்னர் 2022-ல் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தார்கள்.

எதிர்த்திசையில் கதவு திறக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பள்ளிப் பட்டயத்தை வைத்து டெட் முதல் தாள் எழுதி ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக முடியாது. 2023 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பி.எட். பட்டமும் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதியாகாது. அரசுத் தொடக்கப் பள்ளிதான் இறுதி இலக்கு என்றால் தொடக்கக் கல்விப் பட்டயத்தையே எடுங்கள்.

வளர்ச்சி தாமதமான குழந்தைகளோடு வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சிறப்புக் கல்விப் பட்டயம் தனி வழி. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எண் கட்டாயம். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

பிள்ளையைச் சேர்க்க வந்து டீச்சர் ஆனவர்கள்

தனியார் பிளே ஸ்கூல்களில் கணிசமானோர் வருவது இப்படித்தான். சொந்தப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு அதே பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்கிறார்கள். ஏதாவது ஒரு பட்டமும் குழந்தையிடம் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான இடங்களில் நுழைந்துவிடலாம். ஓராண்டு உதவி, அப்புறம் தனி வகுப்பு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 20 குழந்தைக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் என்கிறது. நேர்காணலில் உங்கள் வகுப்பின் எண்ணிக்கையைக் கேளுங்கள். முப்பத்தைந்து குழந்தை, ஓர் ஆயாம்மா என்றால் கற்பிக்க முடியாது, காவல்தான் காக்க முடியும்.

சேரும்போது மற்றவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மே மாதச் சம்பளம் உண்டா, சேர்க்கைக்காகத் துண்டுப் பிரசுரம் விநியோகிக்கச் சொல்வார்களா, டயப்பர் மாற்றுவது யார் பொறுப்பு. மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். ஐந்தாண்டு முடித்தால் பணிக்கொடை உரிமை தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு, அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் உண்டு. இரு தரப்புக்கும் உச்ச நீதிமன்றம் 2022-லேயே உறுதி செய்திருக்கிறது.

கட்டடத்தையும் பாருங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். வகுப்பு எந்தத் தளத்தில், வெளியேற எத்தனை வழி, அந்த வழியில் பெஞ்சு அடுக்கியிருக்கிறதா, சமையல் எரிவாயு எங்கே இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர் இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

டெமோ வகுப்பு

எந்த வாசலில் போனாலும் தனியாரிடம் 15 முதல் 20 நிமிட டெமோ கேட்பார்கள். ஃபிளாஷ் கார்டைத் தூக்கிக்கொண்டு "ஏ ஃபார் ஆப்பிள்" சொல்வதுதான் பலர் செய்வது. அதைத் தவிர்த்துவிட்டு "உருளும், உருளாது" என்ற ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

வேண்டியவை: எலுமிச்சை, பந்து, காலித் தீப்பெட்டி, மரக்கட்டை, குட்டி நோட்டு, எவர்சில்வர் டம்ளர். சாய்த்து வைக்க இரண்டு பலகை, இரண்டு கூடை. எந்தப் பொருளும் 3.2 சென்டிமீட்டர் அகல வட்டத்துக்குள் நுழையும் அளவுக்குச் சிறியதாக இருக்கக் கூடாது, அப்படிப்பட்டது தொண்டையில் சிக்கும். இரண்டு நிமிடம் கைதட்டுப் பாட்டு. ஒரு நிமிடம் பேசாமல் பந்தை மட்டும் உருட்டிக் காட்டுங்கள். பிறகு எட்டு நிமிடம் குழந்தைகள் கையில். கடைசியில் மூன்று நிமிடம் உருண்டவை ஒரு கூடை, உருளாதவை ஒரு கூடை.

இது கெடுவது மூன்று இடத்தில். ஒரே பலகை வைத்தால் பத்துக் குழந்தை வரிசையில் நிற்கும், நான்காவது குழந்தை மூன்றாவதைத் தள்ளும், எனவேதான் இரண்டு. "எலுமிச்சை உருளுமா? உருளும்!" என்று நீங்களே விடை சொன்னால் அதற்குமேல் யாருக்கும் உருட்டிப் பார்க்க ஆசை இருக்காது. மூன்றாவது, டம்ளர். படுக்க வைத்தால் உருளும், நிமிர்த்தினால் உருளாது. அதை எந்தக் கூடையில் போடுவது என்று குழந்தைகள் சண்டையிடும்போது புதியவர்கள் பதறித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள். அந்தச் சண்டைதான் பாடம், நல்ல தலைமை ஆசிரியர் அதைக் கண்டுகொள்வார்.

ஒவ்வொரு வழியும் விட்டுவைக்கும் குறை

எந்த வழியில் வந்தவரும் முழுமையாக வருவதில்லை. தம்மிடம் எது குறைகிறது என்று தெரிந்தவர் சீக்கிரம் தேறுகிறார்.

தொடக்கப் பள்ளிப் பயிற்சியிலிருந்து வருகிறவர் பென்சிலுக்கு அவசரப்படுவார். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் பல இன்னும் குருத்தாகத்தான் இருக்கும், விரல் தசைகள் வலுப்பெற்றிருக்காது. அதற்குமுன் "அ" எழுத வைத்தால் குழந்தை முழங்கையிலிருந்து எழுதப் பழகும், பென்சிலை முஷ்டியால் பிடிக்கும். அந்தப் பிடியை யு.கே.ஜி.யில் மாற்றுவது பெரும்பாடு. முதல் பருவம் முழுக்க மாவு, துணிக் கிளிப், வெண்டைக்காய் அச்சு, ஈரத் தூரிகையால் தரையில் கோடு. விளையாட்டு மாவுக்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் கப் தண்ணீர். நிறத்துக்கு மஞ்சளோ பீட்ரூட் சாறோ. தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றினால் கையில் ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு கசகசக்கும், அன்றைக்கு ஒரு பிடி மைதா கூடுதல். மூடிய டப்பாவில் வையுங்கள், குளிர்பெட்டி இல்லாவிட்டால் மூன்று நாளில் மாற்றிவிட வேண்டும். உப்பு அதிகம் என்பதால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளருக்குக் குழந்தையின் உடம்பு தெரியும். காய்ச்சல் வருமுன்பே முகத்தைப் பார்த்துச் சொல்வார். விளையாட்டு நேரத்தைப் பதிவேடு தின்றுவிடுவதுதான் அவருடைய பிரச்சினை. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்து நன்றாகவே இருக்கிறது, அதை எடுத்து நடத்த நேரம்தான் கிடைப்பதில்லை. காலைப்பொழுதில் செயலியைத் திறப்பதில்லை, குழந்தைகள் தூங்கும்போதே பதிவு, எடை பார்க்க மாதத்தில் ஒரே நாள் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரமாவது மிஞ்சும்.

மாண்டிசோரி படித்தவர் தட்டும் பாயும் அலமாரியும் இல்லாத வகுப்பில் தடுமாறுவார். இருபத்தைந்து குழந்தைகளைச் சேர்ந்து பாட வைப்பதும் கதைக்கு உட்கார வைப்பதும் அவர் பயிற்சியில் குறைவாக வந்த பகுதி. பத்துப் பாட்டு, ஐந்து கதை புத்தகம் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொண்டு போகட்டும். ஊற்றும் பயிற்சிக்குச் செப்புச் சொம்பு இரண்டு போதும்.

தாயாக வந்தவருக்கு ஒரு குழந்தையை ஆழமாகத் தெரியும், மற்றவர்களை அந்த அளவுகோலால் அளப்பார். தினமும் இரண்டு குழந்தையைத் தேர்ந்து, அவர்கள் செய்ததை மட்டும், "சமத்து", "பிடிவாதம்" போன்ற சொல் இல்லாமல், மூன்று வரி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் இருபது குழந்தைகள் முடிந்துவிடுவார்கள். யாரைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லையோ அந்தக் குழந்தையை நீங்கள் இதுவரை பார்க்கவே இல்லை. மறுநாள் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள்.

ஜூன் முதல் வாரம்

எல்லாப் பயிற்சியையும் ஜூன் மாத அழுகை சோதிக்கும். முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம், அடுத்த மூன்று நாள் இரண்டு மணி நேரம், இரண்டாம் வாரம் முழு நேரம் என்று நிர்வாகத்திடம் பேசி வாங்குங்கள். குழந்தை வேடிக்கை பார்க்கும்போது அம்மாவை நைசாக நழுவச் சொல்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கும் தவறு. திரும்பிப் பார்த்து அம்மாவைக் காணாத குழந்தை அடுத்த நாள் வாசலிலேயே காலைக் கட்டிக்கொள்ளும். அம்மா முகம் பார்த்து "சாப்பிட்டதும் வருவேன்" என்று சொல்லிவிட்டே போகட்டும். மணியைச் சொன்னால் குழந்தைக்குப் புரியாது, சாப்பாடு புரியும். சொன்னபடி வரவும் வேண்டும். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைப் பையில் வைக்கச் சொல்லுங்கள், தூங்கும் நேரத்தில் தேவைப்படும். அழுகிற குழந்தையிடம் "அழக் கூடாது" என்று சொல்லாமல், தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கையில் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணி உரிப்பது சரியாக வரும். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கை கூடைக்குள் நீளும்.